நிராகரிக்கப்பட்ட வாக்குகளைக் கழித்தபின்

ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. புள்ளிவிபரவியல் படித்து முடித்த கையோடு, மொன்றியலில் நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பாரிஸ், லண்டன், பிரசெல்ஸ், ரோம், வியன்னா, ஸ்டொக்ஹோம் என்று நகரங்கள் என் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிவான வாக்காளர்கள், வாக்களித்தவர்கள், வீதம். பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் முடிந்தது.

முடியவில்லை. ஸ்டொக்ஹோமில் அரசாங்கமே எல்லாரையும் பதிந்துவிடுகிறது. பாரிஸில் ஆட்கள் தாங்களாகப் போய்ப் பதியவேண்டும், ஆகவே பதியாதவர்கள் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. பிரசெல்ஸில் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். லண்டனில் வேலைநாளில் தேர்தல் வைக்கிறார்கள். ரோமில் ஞாயிறு போதாதென்று திங்கள் காலையும் சாவடியைத் திறந்து வைக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு 'ஆனால்' இருந்தது. அந்த 'ஆனால்'களை வரிசைப்படுத்துவதுதான் உண்மையில் என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. நான் பிறந்ததிலிருந்தே வரிசைப்படுத்துகிற ஆள்.

அப்பா மொன்றியலின் லாசால் பகுதியில் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாங்களும் அங்கேயே, தொழிற்சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்ததும் அவர் என்னிடம் கேட்கிற முதற் கேள்வி, "இண்டைக்கு எந்த ஊர், பிள்ளை?"

நான் ஊரைச் சொல்வேன். அவர் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார். எங்கள் ஆட்களில் ஒருவராவது இல்லாத ஐரோப்பிய நகரம் அவருக்குத் தெரியாது. பாரிஸில் அவரோடு படித்த ஒருவர் உணவகத்தில் சமைக்கிறார். "அவன் எங்க போய் வோட்டுப் போடுறது? ஞாயிற்றுக்கிழமை எண்டா அவனுக்குக் கிச்சினில ரெண்டு மடங்கு வேலை." வாக்களிப்பு வீதம் ஏன் குறைகிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஒரு மிடறு தேத்தண்ணிக்குள் முடித்துவிடுவார். நான் மறுத்து நீளமாக விளக்குவேன். அவர் கடைசிவரை கேட்பார். அம்மா சமையலறையிலிருந்து, உங்கள் ஐரோப்பா முடிந்ததென்றால் வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்பார்.

அப்பா அப்போது வாக்களித்து இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. அகதியாக வந்தவர், பிறகு எங்களைக் கூப்பிட்டவர். குடியுரிமைப் பரீட்சையைத் தள்ளித் தள்ளிப் போட்டார். இரவு வேலை ஒரு காரணம், மறதி ஒரு காரணம், தோற்றால் பிள்ளைக்கு வெட்கம் என்பது சொல்லாத காரணம். கடைசியில் ஓர் இலையுதிர்காலத்தில் எழுதி, சத்தியமும் எடுத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே மத்திய அரசுக்குத் தேர்தல் வந்தது. அம்மா இன்னும் பரீட்சை எழுதவில்லை. அதனால் வீட்டில் வாக்கு இரண்டு: எனக்கொன்று, அப்பாவுக்கொன்று.

நான் முன்னமே குடியுரிமை எடுத்திருந்தேன், எனக்கு அது முதல் தடவை அல்ல. ஆகவே அப்பாவைத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். வாக்காளர் அட்டை, வாசிக்கிற கண்ணாடி, பனிச் சப்பாத்து, வேலைக்குப் போகுமுன் காலையிலேயே போய்விடுவது. எல்லாம் யோசித்திருந்தேன். காரில் போகும்போது மட்டும் என் மனம் வியன்னாவில் இருந்தது. அதற்கு முந்திய நாள் இரண்டு மூலங்களிலிருந்து எடுத்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

"எப்பிடிப் பிள்ளை போடுறது?" என்று அப்பா கேட்டார்.

"ஊரில போட்ட மாதிரித்தான் அப்பா" என்றேன்.

நான் ஊரில் வாக்குச் சீட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஏழு வயதில் வந்தவள். அப்பா கேட்ட நேரம் நான் பனிக் குவியலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. இந்த விபரங்களையெல்லாம் பிறகு பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆறு நாட்டுத் தேர்தல் விதிகளைப் படித்து வைத்திருந்த ஆள் அந்தக் காரில் நான்தான்.

சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் இருந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசைகளைப் போட்டிருந்தார்கள். எங்கள் மேசையில் இருந்த பெண், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். போன்ஜூர் என்று வணக்கம் சொல்லி, அப்பாவின் பெயரின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, சீட்டை மடித்துக் கொடுத்தார். அப்பா அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். நேரம் எடுத்தது. பின்னால் நின்றவர் இருமினார். அப்பா கண்ணாடியைப் போட்டு எல்லாப் பெயரையும் வாசிக்கிறார் என்று நினைத்து, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சீட்டைப் பெட்டியில் போட்ட பிறகு அவர் போகவில்லை. இடது கையின் சின்ன விரலை அந்தப் பெண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் நாட்டில் வாக்களித்தவரின் விரலில் மை பூசுவார்கள் என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண் சிரித்து, அந்தச் சின்ன விரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து, கை குலுக்குவதுபோல் குலுக்கி, வாழ்த்துச் சொன்னார். அப்பாவும் சிரித்தார். இந்தக் கதையை அவர் தொழிற்சாலையிலும் கோயிலிலும் எத்தனை பேருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவுக்கு முழுவதையும் ஒப்புவித்தார். விரல் கதைக்குப் பிறகு சீட்டுக்கு வந்தார். கறுப்புத் தாளில் வெள்ளை வட்டங்கள், பென்சில் கூர் போதாது, ஆனாலும் வடிவாக எழுதினேன் என்றார்.

"ஒண்டு இவருக்குப் போட்டன். ரெண்டு அந்த மனிசிக்கு. மூண்டாவதுக்குச் சரியான ஆளில்லை, எண்டாலும் சும்மா விடுவானேன்? பச்சைக் கட்சிக்காரருக்குப் போட்டுவிட்டன்."

கையில் எடுத்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்தேன்.

அவர் ஊரில் கடைசியாக வாக்களித்தது சனாதிபதித் தேர்தலில். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வரிசையை எழுதலாம். பிறகுதான் அதைத் தேடி வாசித்தேன். இங்கே ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. ஒன்றுக்கு மேற்பட்ட வட்டத்தில் குறியிருந்தால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். அது எனக்குத் தேடாமலே தெரிந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன, இனி ஒன்றும் செய்ய முடியாது. அப்பா சந்தோஷமாக இருந்தார். அடுத்த தேர்தலுக்கு எவ்வளவோ காலம் இருக்கிறது, அதற்கு முன் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொரு காரணமும் தனித்தனியே சரி. தொலைக்காட்சியில் எங்கள் தொகுதியின் முடிவு வந்தபோது, வென்றவர் பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஒரு வாக்கால் எதுவும் மாறியிராது என்று எனக்கு ஆறுதல் வந்தது. பக்கத்தில் அப்பா, தான் இரண்டாவதாகப் போட்ட பெண்ணுக்கு எத்தனை வாக்கு என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில கிழமைகள் கழித்து வேலையில் லண்டன் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அங்கே வாக்களிப்பு வீதம் சொல்லும்போது செல்லுபடியான வாக்குகளை மட்டும் எடுக்கிறார்கள். ஸ்டொக்ஹோமில் வெற்றுச் சீட்டும் பழுதான சீட்டும் சேர்த்தி. இரண்டையும் ஒரே நிரலில் வைத்தால் ஒப்பீடு பிழை. பேராசிரியரிடம் கேட்டேன். எப்படிச் செய்தாலும் எல்லா நகரத்துக்கும் ஒரே மாதிரிச் செய், முடிவு உன்னுடையது என்றார்.

எல்லா நகரத்திலும் நிராகரிக்கப்பட்ட வாக்குகளைக் கழித்தேன். லண்டனுக்குக் கூட்டுவதற்கு எண் கையில் இல்லை. மற்றவற்றுக்குக் கழிப்பதற்கு இருந்தது. சரியான முடிவுதான், இன்றும் அப்படித்தான் செய்வேன். கட்டாய வாக்களிப்பு உள்ள பிரசெல்ஸ் உடனே கீழே இறங்கியது. சட்டத்துக்குப் பயந்து வந்து, வெறுமையாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே அதிகம். பேராசிரியர் அட்டவணை இப்போதுதான் அழகாக இருக்கிறது என்றார்.

அதுவரை, பழுதான வாக்கு என்றால் என் மனதில் இரண்டு வகை ஆட்கள்தான்: கோபத்தில் கெடுப்பவர்கள், கவனமில்லாமல் கெடுப்பவர்கள். இப்போது மூன்றாவது வகை ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடியைப் போட்டு, பென்சில் கூர் போதவில்லையே என்று கவலைப்பட்டு, எல்லாரையும்விடக் கவனமாக எழுதுகிறவர். ஒவ்வொரு நகரத்திலும், எங்கிருந்தோ வந்து, தன் ஊரில் போட்ட மாதிரிப் போட்ட யாராவது ஒருவர் இருந்திருப்பார். எந்த நாடும் அவரைத் தனியாக எண்ணுவதில்லை. என் சூத்திரத்தின்படி அவர் சாவடிக்கு வரவே இல்லை. அப்பாவும் அன்று காலை பனிச் சப்பாத்து போடாமல் வீட்டிலேயே இருந்தவர்தான்.

நிராகரிக்கப்பட்டவற்றைப் பக்கத்தில் தனி நிரலாகக் காட்டலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். பக்கத்தின் அகலம் போதாது, அடிக்குறிப்பாகப் போடு என்றார். போட்டேன். சின்ன எழுத்தில் இரண்டு வரி. அன்று மனம் கொஞ்சம் லேசானது. அப்பாவிடம் சொல்லவேண்டியதை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு அப்பா மாறினார். இலவசமாகக் கிடைக்கிற பத்திரிகைகளை மெற்றோவிலிருந்து கொண்டுவந்தார். பிரெஞ்சு விவாதங்களை விளங்காமலே பார்த்தார். விளங்கியதை மற்றவர்களுக்கு விளக்கினார். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புதிதாகக் குடியுரிமை எடுத்த வயதானவர்கள், வாக்காளர் அட்டை வராவிட்டால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையில் அத்தனை வருடமும் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, சொல்லத்தான் செய்திருக்கிறார்கள். இப்போது ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் குவளையோடு நின்று, ஆட்கள் தன்னிடம் வர இடம் விட்டு நிற்பார்.

மன்னார் மாமா அவரைச் சும்மா விடமாட்டார். மன்னாரிலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவர். அப்பாவைவிட வயதில் குறைந்தவர், மொன்றியலுக்கு அப்பாவுக்கு முதலே வந்தவர்.

"அண்ணை, அடுத்த முறை நீங்களே வோட்டுக் கேளுங்கோவன். போஸ்ரர் நான் ஒட்டுறன். பெட்டி இறக்கிற இடத்தில பசை சும்மா கிடக்கு."

"நீர் ஒட்டினாத் தலைகீழாத்தான் ஒட்டுவீர்" என்பார் அப்பா. ஆனால் அந்தப் பகிடி அவருக்குப் பிடிக்கும்.

ஒரு வருடம் இப்படிப் போனது. தவக்காலம் வந்து, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் பாவங்களை நான் எப்போதும் ஒழுங்காகச் சொல்வேன். அம்மாவோடு கோபப்பட்டது, பூசைக்குப் பிந்திப் போனது, கூட வேலை செய்கிறவளைப் பற்றிப் பின்னால் கதைத்தது. இதைச் சொல்லவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். பொய் சொன்னேனா? இல்லை. அந்த 'இல்லை'யை நான் நிறைய நாள் வைத்துப் பாவித்தேன்.

அதே தவக்காலத்தில் மாகாணத் தேர்தல் அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறு அப்பா பூசை முடிந்து வந்து, பங்குச் சாமியார் கோயில் மண்டபத்தில் அரை மணித்தியாலம் தருகிறார் என்றார். முதற்தடவை வாக்களிக்கப் போகிற வயதானவர்களுக்கு எப்படிப் போடுவதென்று தான் விளங்கப்படுத்தப் போவதாகச் சொன்னார். பெரிய மட்டையில் வாக்குச் சீட்டு ஒன்று வரைந்து தா என்று என்னிடம் கேட்டார்.

சாப்பாட்டு மேசையில் மட்டையை விரித்து வரைந்தேன். பெயர்களுக்குப் பதில் மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் என்று எழுதினேன். எதிரே வட்டங்கள். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டும் எழுதிவிடு பிள்ளை. பாக்கிற ஆக்களுக்கு விளங்கட்டும்."

இதுதான் சொல்லவேண்டிய இடம். அம்மா கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

"இது மாகாணத் தேர்தல் அப்பா" என்றேன். "இதில ஒரு புள்ளடிதான்."

"அப்பிடியே? அதில மூண்டு, இதில ஒண்டு."

"இதில ஒண்டுதான்."

மாம்பழத்துக்கு எதிரே புள்ளடி போட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மண்டபத்துக்கு வருகிறவர்களின் வாக்குகள் பழுதாகாது. அப்பாவின் முகமும் கெடாது. அந்த ஒரு வசனத்தால் இரண்டையும் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்ச நேரம் என் கெட்டித்தனத்தை நானே மெச்சினேன்.

மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆட்கள் இருந்தார்கள். அப்பா கோட் போட்டிருந்தார். மட்டையைப் பலகையில் சாய்த்து, அடிமட்டத்தால் தொட்டுத் தொட்டுப் பேசினார். நன்றாகப் பேசினார். விரல் கதையைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். யாரும் விரலை நீட்டவேண்டாம், அந்த மனிசி பிடித்துக் குலுக்கிவிடும் என்றார். பிறகு மாம்பழத்துக்கு வந்தார்.

"கவனமாக் கேளுங்கோ. இஞ்ச ரெண்டு விதமான தேர்தல் இருக்கு. மாறிப் போட்டியளெண்டா வோட்டுப் பழுதாப் போகும்."

என் மட்டையைத் திருப்பினார். வெறுமையான பின்பக்கத்தில் தன் கையால் வட்டங்கள் வரைந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிதாக எழுதினார். இது மத்திய தேர்தல் என்றார். மறுபடி திருப்பி, இது மாகாணம் என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அதைப் பார்த்துத் தன் பூசைக் கையேட்டின் பின்பக்கத்தில் வரைந்தார்.

சமையல் பக்கத்துக் கதவடியில் நின்றபடி மன்னார் மாமா சொன்னார்: "அண்ணை, நான் மத்திய தேர்தலிலயும் போட்டிருக்கிறன். எத்தினையோ தரம். ஒரு புள்ளடிதான் போட்டனான்."

"அது உம்மட பிழை. மிச்ச ரெண்டு விருப்பத்தையும் வீணாக்கிப்போட்டீர்."

"அப்ப என்ர மனிசி மாதிரி இந்த அரசாங்கமும் எனக்கு ஒண்டும் சொல்லாமல் இருந்திருக்கே?"

மண்டபம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு, சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதுபோல், அடிமட்டத்தை என் பக்கம் நீட்டினார்.

"என்ர மகளிட்டக் கேளும். ஐரோப்பா முழுக்க வோட்டு எண்ணுறவ."

எல்லாரும் திரும்பினார்கள். நான் பின்சுவரோரம் கடதாசிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக் கூட்டங்களில் பேசுகிற குரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. நிதானமானது, பதறாதது. அந்தக் குரலில் சொன்னேன்: "இந்த முறை ஒரு புள்ளடிதான். அதை மட்டும் மனசில வச்சிருந்தாக் காணும்."

மன்னார் மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, "சரி, பிள்ளை சொல்லிப்போட்டுது. பள்ளிக்கூடம் விட்டாச்சு, வடை ஆறுது" என்றார். கதிரைகள் நகர்ந்தன. அப்பா மட்டும் மூடாத பேனையோடு மட்டைக்கு முன்னால் நின்றார். ஒரு நகரத்தைப் பற்றிக் கேட்டால் தேத்தண்ணி ஆறும்வரை விளக்குகிறவள் நான். அவர் கேட்ட இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அதைக் கவனிக்க முடியாதவர் அல்ல அவர்.

அப்பாவும் நானும் காரில் வீட்டுக்குப் போனோம். அம்மா அன்று மண்டபத்தைக் கழுவ நின்றுவிட்டார். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி, இயந்திரத்தையும் நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை.

"போன முறை நான் போட்டது பிழையே?"

"ஓம் அப்பா."

"எண்ணியிருக்க மாட்டாங்கள்."

"இல்லை."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். நடைபாதையில் பனி பாதி கரைந்து கறுத்துக் கிடந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. நீங்கள் சாப்பிடேக்க சொன்ன உடன."

ஊரில் போட்ட மாதிரி என்று நான்தான் சொன்னேன், பிழை என்னுடையது என்றேன். இதைச் சொல்ல ஒரு வருடம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் ஒத்திகையில் வந்த ஒரு வசனமும் வரவில்லை. அவர் தலையசைத்தார்.

"அது பிழையில்லை. அது உனக்குத் தெரியாது." இருக்கைப் பட்டியைக் கழற்றியபடி, "மற்றது தெரியும்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பன், பிள்ளை. இவ்வளவு பேருக்கு முன்னால என்னை நிக்க விட்டனி."

அந்தக் கிழமை அவர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கோபமாகவும் இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து, பத்திரிகையைப் பிரித்து, சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார். அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா, "இதைச் சொல்லவே ஒரு வருசம்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, அப்பா யாரிடமும் சொல்லாமல் மண்டபத்தின் முன்பக்கம் போய் நின்றார். கோட் இல்லை. மட்டையும் இல்லை. குவளையை ஒரு கரண்டியால் தட்டி எல்லாரையும் திரும்ப வைத்தார்.

"போன கிழமை நான் பிழையாச் சொல்லிப்போட்டன். எந்தத் தேர்தலெண்டாலும் ஒரு புள்ளடிதான். போன முறை நான் ஊர்ப் பழக்கத்தில ஒண்டு ரெண்டு மூண்டு எழுதி, என்ர வோட்டுச் செல்லாமல் போச்சுது. நீங்கள் அப்பிடிச் செய்யாதேங்கோ."

சிலர் சிரித்தார்கள். மன்னார் மாமா சிரிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் தடித்த சால்வை போர்த்திருந்த ஒரு வயதான பெண் கையை உயர்த்தினார்.

"தம்பி, நானும் அப்பிடித்தானே எழுதினனான். அப்ப என்ரயும் செல்லாமல் போச்சுதோ?"

அப்பா அவர் பக்கத்தில் போய்க் குந்தி இருந்து, என்னவோ மெல்லச் சொன்னார். அந்தப் பெண் தலையில் கை வைத்தார். பிறகு அப்பா சொன்ன எதற்கோ சிரித்தார். ஒரு வருடத்துக்கு முன் ஓர் இரவுச் சாப்பாட்டில் நான் வாயைத் திறந்திருந்தால், அந்தப் பெண்ணின் வாக்கு அப்போதும் பழுதாகித்தான் இருந்திருக்கும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு அன்று எனக்கு உதவவில்லை.

அப்பா என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊர்ப் பழக்கம் என்றார், தன் பிழை என்றார். நான் நின்ற இடத்திலிருந்து முன்பக்கம் தூரமில்லை. ஒரு வசனம் போதும். காரில் கேட்டபோது அப்படிச் சொன்னது நான்தான் என்று. அந்த வசனம் எனக்குள் முழுதாக, எழுவாய் பயனிலையோடு இருந்தது. கரண்டிகளைக் கழுவுகிற தொட்டிக்குக் கொண்டுபோனேன்.

தேர்தலன்று அப்பாவுக்குக் காலை வேலை. முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார், போன முறைபோலக் காரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் பல்கலைக்கழகத்திலிருந்து வேளைக்கே வந்து காத்திருந்தேன். அவர் வரவில்லை. வழமையான நேரம் கடந்து, வெளியே விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு கதவு திறந்தது. வேலை உடுப்போடு, நேரே தொழிற்சாலையடியிலிருந்து பேருந்து பிடித்துச் சாவடிக்குப் போயிருக்கிறார். வரிசை நீளம் என்றார். சப்பாத்தைக் கழற்றினார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"அது சொல்லக்கூடாது."

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, பகிடியாகச் சொல்லவும் இல்லை. கை கழுவி வந்து கதிரையில் இருந்தபோது, அப்போதுதான் கண்டதுபோல் என்னைப் பார்த்தார்.

"நீ போட்டிட்டியே?"

"இல்லை அப்பா. நீங்கள் வந்தாப்போல சேர்ந்து போவம் எண்டு."

"சாவடி இன்னும் பூட்டேல்லை. போட்டிட்டு வா."

நான் ஜாக்கெற்றை மாட்டும்வரை அவர் திரும்பவில்லை. தொலைக்காட்சியில் முடிவுகளுக்கு முந்திய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் சத்தத்தைக் கூட்டினார். படியில் இறங்கும்போது அம்மா கதவைத் திறந்து, உன் சாப்பாட்டை மூடி வைக்கிறேன் என்றார். காரை எடுக்காமல் நடந்தே போனேன்.